ரேட்டைப் பாக்குறோம், எஸ்டிமேட்டைப் பாக்குறதில்ல

நான் என்ன ஆராய்ச்சி பண்றேன்னு சொந்தக்காரங்க கேட்டா "கவர்மென்ட் டெண்டர் பத்தி"ன்னு சொல்லிட்டு அதோட நிறுத்திக்கணும். டிஃபென்ஸ்னு ஒரு வார்த்தை சேத்தா போச்சு, கல்யாண வீட்டுப் பந்தியில எலை போட்டு சாம்பார் வர்றதுக்குள்ள போஃபர்ஸ் பீரங்கியில எவ்ளோ, ரஃபேல் விமானத்துல எவ்ளோன்னு நான் கணக்கு ஒப்பிக்கணும். நீடாமங்கலம் பக்கம் எங்க ஊர்ல மட்டும் இல்ல, நான் படிக்கிற இடத்துலயும் பாதி பேருக்கு இந்த ஒரு கேள்விதான், கமிஷன் எவ்ளோ. கேக்கக்கூடாத கேள்வின்னு நான் சொல்லல. ஆனா அரசாங்க காண்ட்ராக்ட் பத்தி அறுபது வருஷமா உலகம் பூரா ஆளுங்க எழுதி வச்சிருக்கறதைப் படிக்கப் படிக்க எனக்குத் தோணுறது இதுதான்: நாம எல்லாரும் டெண்டர் தொறக்குற அந்த ஒரு நாளையே முறைச்சுப் பாத்துகிட்டு இருக்கோம், அதுக்கு முந்தி ஒருத்தர் உக்காந்து எஸ்டிமேட் எழுதுறாரு, பின்னாடி இன்னொருத்தர் எம்-புக்குங்குற அளவுப் புத்தகத்துல செஞ்ச வேலையோட அளவு எழுதுறாரு, அந்த ரெண்டையும் யாரும் திரும்பிப் பாக்குறதில்ல. காசு நிறைய போறது அந்த ரெண்டு இடத்துலதான்.

எங்க பெரியப்பா சின்ன காண்ட்ராக்டரா இருந்தவரு. கல்வெர்ட்டு, மதகு ரிப்பேரு, வாய்க்கா தூர் வார்றதுன்னு சின்னச் சின்ன வேலைங்க. லைசென்ஸை ரினியூ பண்ணாம விட்டு ரொம்ப நாள் ஆச்சு, ஆனாலும் மே மாசம் வந்தா சைக்கிள எடுத்துகிட்டு எங்க எங்க ஹிட்டாச்சி நிக்குதுன்னு பாத்துட்டு வந்துடுவாரு. ஒரு தடவ என்னையும் கூட்டிட்டுப் போனாரு, சி அண்ட் டி வாய்க்கா ஒண்ணு, டெல்டாக்காரங்களுக்கு சொல்ல வேணாம், பெரிய ஆத்துல இருந்து ஏ, பி பிரிஞ்சு கடைசியா வயலுக்குப் போற சின்ன வாய்க்காங்க. ரெண்டு பக்கமும் நெய்வேலி காட்டாமணக்கு ஆள் உயரத்துக்கு. எஸ்டிமேட் காப்பி அவரு கையில எப்படி வந்துச்சுன்னு நான் கேக்கல. அதுல வாய்க்கா நெடுகிலும் சராசரியா ஒண்ணரை அடி வண்டல்னு போட்டு மொத்தம் இத்தனை கன மீட்டர்னு கணக்கு. பெரியப்பா ஒரு மூங்கில் கழிய எடுத்து குத்திக் காட்டுறாரு, பாதி தூரம் கழி நாலு விரக்கடை கூட இறங்கல, கட்டாந்தரை. ரோட்டுக்கு அடியில குழாய் போற எடத்துல மட்டும் இடுப்பளவு சேறு, குழாய் வாயே தெரியல.

"பாரு ஆயி, தண்ணி நிக்குறது இங்க ஒரே ஒரு எடத்துல. மெஷினு குழாக்குள்ள போவாது, ஆள எறக்கி கையால வாரணும். கை ஆளுக்கு எஸ்டிமேட்ல ஐட்டமே கெடையாது. அப்ப காண்ட்ராக்டர் என்ன செய்வான்? மெஷினு போற எடத்துல சுரண்டிட்டு போயிடுவான். அவன் மேல தப்பு சொல்ல முடியாது, எழுதினத செஞ்சிட்டான்."

எழுதினது எப்படி வந்துச்சுன்னா போன வருஷத்து எஸ்டிமேட்டை எடுத்து ரேட்டை மட்டும் புதுசாக்கினது, அவ்ளோதான். ஒரு செக்‌ஷனுக்கு ஒரு ஏஇ, அதாவது உதவிப் பொறியாளர், அவருக்குக் கீழ கிலோமீட்டர் கணக்கா வாய்க்கா, டம்பி லெவல்னு மட்டம் பாக்குற கருவியை தூக்கிட்டு எல்லாத்தையும் நடந்து லெவல் எடுக்கணும்னா தை மாசமே ஆரம்பிக்கணும், ஆனா தை மாசம் சம்பா அறுப்பு, வாய்க்காவுல தண்ணி கெடக்கும். 2022ல டெல்டா சிறப்பு தூர்வாரும் பணிக்கு 80 கோடி ஒதுக்குனாங்க, கிட்டத்தட்ட 4,960 கிலோமீட்டர். அந்த வருஷம் மேட்டூரை மே 24க்கே தொறந்துட்டாங்க, வழக்கமா ஜூன் 12. ஏப்ரல் கடைசியில வேலை ஆரம்பிச்சு மேட்டூர் தண்ணி கல்லணை தாண்டுறதுக்குள்ள முடிக்கணும். தண்ணி வந்துடுச்சுன்னா அப்புறம் எவன் எவ்ளோ வாரினான்னு அளக்கவே முடியாது, எம்-புக்ல எழுதின அளவுதான் அளவு. முந்தி எடுத்த லெவலுக்கும் பிந்தி எடுத்த லெவலுக்கும் உள்ள வித்தியாசம்தான் பில்லு, முந்தின லெவல்ல அரை அடி ஏத்தி எழுதிட்டா யாரும் ஒரு கூடை மண்ணு கூட அள்ளாம அரை அடி மண்ணு அள்ளினதா ஆயிடும். இதுல டெண்டர் எவ்ளோ சுத்தமா நடந்தாலும், ஆன்லைன்ல நடந்தாலும், பத்து பேர் போட்டி போட்டாலும், ஒண்ணும் மாறாது.

இதையேதான் படிப்பாளிங்க முழுமையடையாத ஒப்பந்தம்னு வேற பாஷையில சொல்றாங்க. எல்லாத்தையும் முன்கூட்டியே எழுதிட முடியாது, எழுதாம விட்டது பின்னாடி தகராறா வரும், தகராறுக்கு ஒரு செலவு இருக்கு. ஆலிவர் ஹார்ட்டுக்கும் பெங்ட் ஹோம்ஸ்ட்ராமுக்கும் 2016ல நோபல் கெடச்சது காண்ட்ராக்ட் தியரிக்குத்தான். பாட்ரிக் பஜாரி, ஸ்டீவன் டடெலிஸ் இன்னும் சிலர் கலிஃபோர்னியா ஹைவே டிபார்ட்மென்டோட ரோடு போடுற காண்ட்ராக்டுங்களை எடுத்து நோண்டினாங்க. பாதி வேலையில "இது ட்ராயிங்ல இல்லையே, அளவு கூடிப்போச்சே"ன்னு மாத்துறதுக்கு ஆகுற பேச்சுவார்த்தை, வம்பு, கேஸு, இதோட செலவு மட்டுமே ஜெயிச்ச டெண்டர் தொகையில 7.5ல இருந்து 14 சதவீதம் வரைக்கும் போகுதுன்னு கணக்கு போட்டாங்க. காண்ட்ராக்டருக்கு இது முன்னாடியே தெரியும், அதனால டெண்டர் போடும்போதே அந்த வம்புச் செலவையும் ரேட்டுக்குள்ள வச்சுத்தான் போடுறான். ஆக எஸ்டிமேட் மோசமா இருந்தா அதுக்கு அபராதம் கட்டுறது அரசாங்கம்தான், அதுவும் முதல் நாள்லயே.

இன்னொரு வேலை சூசன் ஏத்தி, ஜொனாதன் லெவின் ரெண்டு பேரும் 2001ல பண்ணது, அமெரிக்க ஃபாரஸ்ட் சர்வீஸோட மர ஏலம் பத்தி. காட்டுல எந்த மரம் எவ்ளோ இருக்குன்னு டிபார்ட்மென்ட் ஒரு மதிப்பு போடும், ஏலத்துக்கு வர்றவங்க காட்ட நேர்ல போயி பாத்துட்டு வந்து, டிபார்ட்மென்ட் எந்த மரத்தை தப்பா மதிப்பு போட்டுச்சோ அதுக்கு ஏத்த மாதிரி ஒவ்வொரு மரத்துக்கும் ரேட்டை ஏத்தி எறக்கி போட்டு ஜெயிக்கிறாங்க. இதை நான் பெரியப்பாகிட்ட விளக்க ஆரம்பிச்சு ரெண்டு வாக்கியம் கூட முடிக்கல, "இது என்ன பெரிய ரகசியமா, எந்த ஐட்டம் கூடும்னு தெரிஞ்சவன் அதுல ரேட்டை ஏத்திக்குவான், நடக்காத ஐட்டத்துக்கு ஓசியில கொடுப்பான், மொத்தத்துல அவன்தான் எல்-1"ன்னாரு, எல்-1னா குறைஞ்ச ரேட்டு போட்டவன். கல்வெர்ட்டு வேலையில பாறை வெட்டுன்னு ஒரு ஐட்டம் வந்தா டெல்டாவுல அது நடக்கவே நடக்காது, களிமண்ணு பூமி, அதுக்கு என்ன ரேட்டு வேணா குறைச்சுக்கலாம். பெரிய ஜர்னல்ல வந்த சமாச்சாரம் எங்க வீட்டுத் திண்ணையில கெடக்குதேன்னு எனக்கு ஒரு பக்கம் சிரிப்பு, இன்னொரு பக்கம் எரிச்சல். ஏன்னா அந்த ஓட்டையை அடைக்கத்தான் நம்ம பக்கம் நிறைய வேலைக்கு ஐட்டம் ரேட்டை விட்டுட்டு எஸ்டிமேட்டை விட மொத்தத்துல இத்தனை சதவீதம் லெஸ்ஸா எக்ஸெஸ்ஸான்னு மட்டும் போடச் சொல்றாங்க, அப்படி வந்ததும் எல்லாரோட கவனமும் அந்த லெஸ் மேல போயிடுச்சு, எஸ்டிமேட்டை கேள்வி கேக்குற ஆளே இல்லாம போயிட்டான்.

லெஸ் பத்தி ஒரு வார்த்தை. தமிழ்நாடு 1998லயே டெண்டர் வெளிப்படைத்தன்மைச் சட்டம் கொண்டு வந்துடுச்சு, நாட்டுலயே முதல்ல. தகுதியுள்ளதுல குறைஞ்ச ரேட் போட்டவருக்குத்தான் வேலை, பேரம் பேசணும்னாலும் அவருகிட்ட மட்டும்தான். நல்ல சட்டம், அதுக்கு முன்னாடி இருந்த கூத்தைப் பாத்தவங்க அப்படித்தான் சொல்றாங்க. ஆனா குறைஞ்ச ரேட்டுன்னா குறைஞ்ச செலவுன்னு அர்த்தம் இல்ல. இத்தாலியில சராசரி ரேட்டுக்குக் கிட்ட போட்டவருக்கு வேலை கொடுக்குற முறையில இருந்து குறைஞ்ச ரேட்டு முறைக்கு சில ஊர்ங்க மாறினப்ப என்ன ஆச்சுன்னு ஃப்ரான்செஸ்கோ டெகரோலிஸ்னு ஒருத்தர் ஆராய்ச்சி பண்ணாரு, ரேட்டு நல்லாவே குறைஞ்சுது, கூடவே செலவு மீறுறதும் வேலை இழுத்துகிட்டுப் போறதும் கூடுச்சு.

இப்ப பீரங்கிப் பக்கம் வர்றேன். வாய்க்கா மண்ணுக்கும் போர் விமானத்துக்கும் என்ன சம்பந்தம்னு கேக்கலாம். தஞ்சாவூர்க்காரங்க தலைக்கு மேலதான் பறக்குது, 2020 ஜனவரியில இருந்து பிரம்மோஸ் சுமக்குற சுகோய் ஸ்குவாட்ரன் ஒண்ணு அங்க இருக்கு, பேச்சை நடுவுல நிறுத்திட்டு அது போனதும் தொடர்றது பழகிப் போச்சு. சம்பந்தம் என்னன்னா ரெண்டுலயும் வாங்குறவனுக்கு தான் என்ன வாங்குறோம்னு முழுசா தெரியாது. டிஃபென்ஸ்ல இது இன்னும் மோசம், ஏன்னா வாங்குற சாமான் இன்னும் செஞ்சு முடிக்கப்படவே இல்ல.

இந்தத் துறையோட முதல் பெரிய ஆய்வு 1962ல ஹார்வர்டுல மெர்ட்டன் பெக்கும் ஃப்ரெடெரிக் ஷெரரும் பண்ணது. 12 ஆயுதத் திட்டத்தை எடுத்து, ஆரம்பத்துல சொன்ன செலவையும் கடைசியில ஆன செலவையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாத்தாங்க, சராசரியா மூணு மடங்குக்கு மேல போயிருந்துச்சு. வித்தவன் ஒருத்தன், வாங்குறவன் ஒருத்தன், சந்தைன்னு ஒண்ணு கெடையாது, சாமானுக்கு முன்மாதிரி கெடையாது, அப்ப முதல்ல சொல்ற ரேட்டுங்குறது என்ன? வேலையைப் பிடிக்கிறதுக்கு ஒரு நம்பர். அவ்ளோதான். அமெரிக்கா அதுக்கப்புறம் செஞ்சு பாக்காத வைத்தியம் இல்ல. செலவு என்ன ஆச்சோ அதைக் கொடுத்து மேல லாபமும் கொடுக்குறது ஒண்ணு, அதுல காண்ட்ராக்டர் செலவுல கைய கட்டவே மாட்டான். மொத்தமா ஒரே ரேட்டு பேசி முடிக்கிறது இன்னொண்ணு, அதுல கையை ரொம்பக் கட்டிக்கிட்டு சாமான் வராது. 2011ல போயிங் கம்பெனி விமானப்படைக்கு நடுவானத்துல பெட்ரோல் போடுற டேங்கர் விமான காண்ட்ராக்டை போட்டியாளரை விட ரேட்டை எறக்கி ஃபிக்ஸட் பிரைஸ்ல எடுத்துச்சு, 2017க்குள்ள 18 விமானம் கொடுக்கணும், முதல் விமானமே 2019 ஜனவரியிலதான் கைக்கு வந்துச்சு. கம்பெனிக்கு இதுவரைக்கும் 700 கோடி டாலருக்கு மேல நட்டம். கவர்மென்ட்டுக்கு நட்டம் இல்லையேன்னு சிலர் சொல்லுவாங்க, ஆனா குழாய் பூட்டுற ஆபரேட்டர் பாக்குற கேமரா சிஸ்டமே சரியில்லாத விமானத்தை வச்சுகிட்டு இத்தனை வருஷம் அவங்க ஓட்டுறாங்களே, அது யாரு கணக்குல போறது? லெஸ் போட்டு எடுத்து பாதியில விட்டுட்டுப் போன கல்வெர்ட்டு பக்கத்துல டைவர்ஷன் ரோட்டுல ரெண்டு மழைக்காலம் போன ஊர்க்காரனுக்கு இது நல்லா புரியும்.

நம்ம நாட்டுக்கு வருவோம். ராணுவம் ஒரு சாமான் வாங்கணும்னா முதல்ல எனக்கு இது இது வேணும்னு ஒரு தேவைப் பட்டியல் எழுதும், எஸ்க்யூஆர்னு சொல்லுவாங்க. அப்புறம் அவசியம்தான்னு ஒரு ஒப்புதல், அப்புறம் டெண்டர், டெக்னிக்கல் கமிட்டி, வயல்வெளியில பாலைவனத்துல பனியில ட்ரையல், கடைசியா ரேட்டு தொறந்து எல்-1. 2002ல முதல் நடைமுறைப் புத்தகம் வந்துச்சு, அதுக்கப்புறம் திருத்தித் திருத்தி 2020ல ஒரு புத்தகம். எல்லா ரகளையும் ரேட்டு தொறக்குற கட்டத்துல நடக்குறதா பேப்பர்ல வரும், ஆனா வேலை கெடுறது பெரும்பாலும் அந்த முதல் பட்டியல்லதான். 2011ல ராணுவம் புது துப்பாக்கி கேட்டுச்சு, சுமார் 66,000. ஒரே துப்பாக்கி, குழலை மாத்தினா 5.56 குண்டும் சுடணும், 7.62 குண்டும் சுடணும். பேப்பர்ல நல்லாத்தான் இருக்கு. உலகத்துல பேர் போன அஞ்சு கம்பெனி வந்துச்சு, வருஷக்கணக்கா இழுத்துச்சு, கடைசியில 2015ல டெண்டரையே ரத்து பண்ணிட்டாங்க. அதுக்கப்புறம் 2019ல அவசரத்துக்கு அமெரிக்காவுல இருந்து 72,400, 2021 டிசம்பர்ல அமேதியில செய்யுற ரஷ்ய டிசைன் 6 லட்சத்துக்கு மேலன்னு ஆர்டர் போனுச்சு, ரெண்டுமே ஒரே குண்டு மட்டும் சுடுற சாதாரண துப்பாக்கிங்க. திருச்சியில 1966ல இருந்து ஆர்டினன்ஸ் ஃபேக்டரி இருக்கு, அவங்க வேலையே துப்பாக்கி செய்யுறது. ஒரு தேவைப் பட்டியல் தப்பா எழுதினதுக்கு ஒரு பைசா லஞ்சம் கைமாறினதா யாரும் சொல்லல, ஆனா போன வருஷங்களை யாரு திருப்பிக் கொடுப்பா.

லஞ்சத்தை விட்டுடச் சொல்றியான்னு எங்க பெரியப்பா மகன் என்கிட்ட சண்டைக்கே வந்துட்டான். இல்லடா. அதுக்கும் ஆராய்ச்சி இருக்கு, நல்ல ஆராய்ச்சி. 1982லயே ராபர்ட் வேட் தென்னிந்திய பாசன வாய்க்கா டிபார்ட்மென்ட் ஒண்ணை கிட்ட இருந்து பாத்து எழுதினாரு, காண்ட்ராக்டுல வர்ற பங்கு கீழ இருந்து மேல வரைக்கும் எப்படிப் போகுது, அந்தப் பணத்தைத் திரட்ட முடிஞ்சவனுக்குத்தான் நல்ல ஊர்ல போஸ்டிங்னு ட்ரான்ஸ்ஃபருக்கே எப்படி ஒரு சந்தை இருக்குன்னு. அதைப் படிக்கும்போது புதுசா ஒண்ணும் இல்லையேன்னு தோணும், ஆனா அதை ஒரு ஒழுங்கா பாத்து எழுதி வைக்கிறதுக்கு ஒருத்தர் வர வேண்டி இருந்துச்சு. அப்புறம் பிரதமர் கிராமச் சாலைத் திட்டத்தை வச்சு ஜொனாதன் லேன், ஜேக்கப் ஷாப்பிரோ, ஆலிவர் வாண்டன் ஐண்ட் மூணு பேரும் ஒண்ணு பண்ணாங்க. கொஞ்ச ஓட்டு வித்தியாசத்துல ஜெயிச்ச எம்எல்ஏவோட குடும்பப் பேரும் காண்ட்ராக்டரோட குடும்பப் பேரும் ஒண்ணா இருக்கான்னு பாத்தா, ஜெயிச்சதுக்கு அப்புறம் ரோடு வேலை எடுக்குறவங்கள்ல அந்தப் பேர்க்காரங்களோட பங்கு 83 சதவீதம் கூடியிருக்கு. போட்டதா காகிதத்துல காட்டுன சில ரோடு தரையில இல்லவே இல்ல. இதை நம்ம ஊர்ல பண்ண முடியாது, இங்க எல்லாருக்கும் இனிஷியல்தான், பேரை வச்சு மச்சான் யாரு மாப்ள யாருன்னு கண்டுபிடிக்க எந்த சாஃப்ட்வேராலயும் ஆகாது.

ஆனா இதுக்கு நேர் எதிர்ல வைக்க வேண்டியது ஓரியானா பந்தியேரா, ஆந்த்ரேயா ப்ராட், டொம்மாசோ வல்லெட்டி 2009ல இத்தாலி அரசு ஆபீசுங்க வாங்குற சாதாரண சாமானை, பேப்பரு, டெஸ்க்கு, கம்ப்யூட்டரு, இதை வச்சுப் பண்ண கணக்கு. ஒரே சாமானுக்கு ஒரு ஆபீஸ் ஒரு வெலை, இன்னொரு ஆபீஸ் எக்கச்சக்க வெலை கொடுத்திருக்கு. வீணாப்போனதுல திருட்டு எவ்ளோ, திறமையில்லாம சோம்பல்ல ரூல்ஸுக்கு பயந்து போனது எவ்ளோன்னு பிரிச்சப்ப 83 சதவீதம் ரெண்டாவது வகை. யாருக்கும் பத்து பைசா லாபம் இல்லாம காசு சும்மா போயிருக்கு. இத்தாலி நம்பரை அப்படியே திருவாரூருக்கு ஒட்ட நான் சொல்லல, இங்க விகிதம் வேறயா இருக்கும். ஆனா ரெண்டு வகை இருக்குங்குறதையும், ஒண்ணை அடைக்கப் போடுற பூட்டு இன்னொண்ணை வளக்கும்குறதையும் போஃபர்ஸை விட நல்லா எதுவும் காட்டல.

1986 மார்ச்சுல 410 பீரங்கிக்கு காண்ட்ராக்ட், சுமார் 1,437 கோடி. 1987 ஏப்ரல்ல ஸ்வீடன் ரேடியோ லஞ்சம்னு சொல்லுச்சு, 64 கோடின்னு குற்றச்சாட்டு. ஆட்சியே மாறுச்சு. பீரங்கி என்னமோ நல்ல பீரங்கி, 1999ல கார்கில்ல மலை மேல அடிச்சது அதுதான். ஆனா அதுக்கப்புறம் 155 மில்லிமீட்டர்ல அடுத்த பெரிய பீரங்கி ஆர்டர்ல கையெழுத்து விழுந்தது 2016 நவம்பர்ல, அமெரிக்காவோட 145 லேசு ரக பீரங்கிக்கு. 30 வருஷம்! நடுவுல டெண்டர் வந்துச்சு, ரத்தாச்சு, கம்பெனிங்களை கருப்புப் பட்டியல்ல போட்டாங்க, 2012ல மட்டும் ஆறு கம்பெனிக்கு பத்து வருஷத் தடை. ஃபைல்ல கையெழுத்து போட்டா நாளைக்கு சிபிஐ வரும், போடாம விட்டா யாரும் கேக்க மாட்டான், அப்ப எந்த அதிகாரி போடுவான்? இதுல எனக்கு வயித்தெரிச்சல் என்னன்னா, அந்த 1986 காண்ட்ராக்டுல பீரங்கியை இங்கயே செய்யுறதுக்கான டெக்னாலஜி ட்ராயிங்கும் சேத்துத்தான் வாங்கினாங்க. அதை எடுத்து தனுஷ்னு பீரங்கி செஞ்சு முதல் ஆறை ராணுவத்துக்குக் கொடுத்தது 2019 ஏப்ரல்ல. காசு கொடுத்து வாங்கின காகிதம் அத்தனை வருஷம் பீரோவுல கெடந்துச்சு.

எழுதுற கட்டத்தைச் சொல்லிட்டேன், அளக்குற கட்டம் இதை விட மோசம். வெளிநாட்டுல இருந்து பெரிய ஆயுதம் வாங்கினா விக்கிற கம்பெனி ஒரு பங்கு காசை இங்கயே முதலீடாவோ கொள்முதலாவோ திருப்பிப் போடணும்னு 2005ல ஆஃப்செட் விதி வந்துச்சு. 2018 மார்ச் வரைக்கும் 46 காண்ட்ராக்ட், 66,427 கோடி வாக்குறுதி. 2018 டிசம்பருக்குள்ள 19,223 கோடிக்கு நடந்திருக்கணும்னு மத்திய தணிக்கைத் துறையான சிஏஜி சொல்லுது, கம்பெனிங்க நடந்துச்சுன்னு கணக்கு காட்டினதே 11,396 கோடிதான், அதுலயும் அமைச்சகம் ஒத்துகிட்டது 5,457 கோடி. டெண்டர் நேரத்துல இந்த ஆஃப்செட் வாக்குறுதியையும் ஒரு காரணமா காட்டித்தான் கம்பெனிங்களை எடை போட்டாங்க. காண்ட்ராக்ட் கைக்கு வந்ததும் அளக்குற புத்தகத்தைத் தொறக்க ஆளில்ல, இருந்த ஆளுக்கும் எப்படி அளக்கணும்னு விதி தெளிவா இல்ல. ஜூன் 12க்கு அப்புறம் வாய்க்காவுல தண்ணி ஓடுற மாதிரி.

திருச்சி பக்கம் துவாக்குடி தொழிற்பேட்டையில எனக்குத் தெரிஞ்ச அண்ணன் ஒருத்தர் ஃபேப்ரிகேஷன் யூனிட் வச்சிருக்காரு, சொந்த ஊர் ஒரத்தநாடு. அந்த எஸ்டேட்டே பாய்லர் வேலையை நம்பி வளந்தது, அனல் மின் ஆர்டர் குறைஞ்சப்ப ஷெட்டு ஷெட்டா மூடுச்சு. 2019 ஜனவரியில பாதுகாப்புத் தொழில் வழித்தடத்தை திருச்சியிலயே வச்சுத் தொடங்கினாங்க, சென்னை, கோயம்புத்தூர், ஓசூர், சேலம், திருச்சின்னு அஞ்சு ஊர். அண்ணனுக்கு அதுல ஒரு ஆசை. ஒரு சாமான் செஞ்சு பாக்க வாய்ப்பு கெடச்சுது, ஆனா ட்ரையல் செலவு முழுக்க நம்மளது, வாங்குவாங்கன்னு உத்தரவாதம் கெடையாது, டிஃபென்ஸ்ல இதுக்கு நோ காஸ்ட் நோ கமிட்மென்ட்னு ஒரு பேரே இருக்கு. பேரு எதுக்குங்க, ஒரு ஆபீஸ்ல ட்ராயிங்ல போட்டிருந்த ஸ்டீல் கிரேடு இப்ப மார்க்கெட்டுல வர்றதே இல்ல, அதுக்குச் சமமான புது கிரேடுல செஞ்சுக்கலாமான்னு லெட்டர் போட்டாரு, லெட்டர் ஒரு மேஜையில இருந்து இன்னொரு மேஜைக்குப் போகுது, எல்லாருக்கும் அது சமம்தான்னு தெரியும், எழுதிக் கொடுக்க மட்டும் ஆள் இல்ல. "தங்கச்சி, எனக்கு யாரும் காசு கேக்கல, கேட்டிருந்தா கூட வேலை நடந்திருக்கும்"ன்னாரு. சிரிச்சுகிட்டேதான் சொன்னாரு, ஆனா வட்டி ஓடிட்டு இருக்கு.

நெல்லு கொள்முதல்லயும் இதேதான் பாக்குறோம். ஈரப்பதம் 17 சதவீதம்னு ஸ்பெக். டெல்டாவுல அறுப்பு நேரத்துல மழை பெய்யும்னு சின்னப் புள்ளைக்கும் தெரியும், ஆனா ஒவ்வொரு தடவையும் டிபிசிங்குற நெல் கொள்முதல் நிலைய வாசல்ல சிப்பம் முளைக்க ஆரம்பிச்சதுக்கு அப்புறம் டெல்லியில இருந்து குழு வந்து சாம்பிள் எடுத்துட்டுப் போயி, 2022 அக்டோபர்ல 19, 2023 பிப்ரவரியில 20ன்னு தளர்த்தி ஆர்டர் வரும். ஸ்பெக்கை மாத்துற அதிகாரம் நெல்லைக் கையில அள்ளிப் பாக்குறவருக்கு இல்ல. கொடுத்தா அந்த அதிகாரத்தை அவரு விப்பாருன்னு பயம், பயம் நியாயம்தான், ஆனா கொடுக்காம இருக்கறதோட வெலையை விவசாயி கட்டுறாரு, அது எந்தக் கணக்குலயும் வர்றதில்ல.

இதுக்கு மாத்து என்னன்னு கேட்டா மத்திய நிதியமைச்சகம் 2021 அக்டோபர்ல ஒரு கதவைக் கொஞ்சம் தொறந்துச்சு, குறிப்பிட்ட வகை வேலைங்களுக்கு எல்-1 மட்டும் பாக்காம தரத்துக்கும் மார்க் போடலாம், அந்த மார்க் 30 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. தனியார்காரங்க எப்பவோ இதைச் செய்யுறாங்க, வட கலிஃபோர்னியாவுல 1995ல இருந்து 2000 வரைக்கும் தனியார் கட்டின கட்டடங்கள்ல கிட்டத்தட்ட பாதி டெண்டரே இல்லாம பேசி முடிச்சதுன்னும், வேலை சிக்கலாக சிக்கலாக ஏலத்தை விட்டுட்டு பேச்சுக்குத்தான் போறாங்கன்னும் முன்னாடி சொன்ன பஜாரி ஆளுங்க காட்டியிருக்காங்க. எனக்கு இது பிடிச்ச யோசனை. பெரியப்பா ஒத்துக்கல. "மார்க்கு போடுறவன் யாரு? ஏற்கனவே செட்டிங் போடுறவனுக்கு மார்க்கு ஷீட்டையும் கையில குடுக்கச் சொல்றியா?"ன்னு கேட்டாரு. 2017ல குடிமராமத்துன்னு டெண்டர் இல்லாம பாசன சங்கங்களுக்கே வேலையைக் கொடுத்தப்ப சில ஊர்ல உண்மையாவே குழாய்க்குள்ள ஆள் எறங்கி வாரினாங்க, சில ஊர்ல சங்கம்ங்குற பேர்ல பழைய காண்ட்ராக்டரே வந்து நின்னாரு, ரெண்டையும் அவரு பாத்திருக்காரு. அதனால அவரு சொல்றதை என்னால தள்ள முடியல.

நாங்க ரெண்டு பேரும் ஒத்துப்போனது டிஃபென்ஸ் புத்தகத்துல இருக்குற ஒரு சின்ன விஷயத்துல. 2016 நடைமுறையில, இது இல்லாம முடியவே முடியாதுன்னு ஒரு பட்டியல், இருந்தா நல்லதுன்னு இன்னொரு பட்டியல்னு தேவையைப் பிரிச்சு, ரெண்டாவதுல தேறினா ரேட்டு கணக்குல 10 சதவீதம் வரைக்கும் சலுகைன்னு வச்சாங்க. யாரு பாஸ் யாரு ஃபெயில்னு மார்க் போடுறவன் இஷ்டம் இல்ல, டெண்டர்லயே முன்கூட்டி எழுதியிருக்கணும், ட்ரையல்ல அளந்து காட்டணும். 2011 துப்பாக்கி டெண்டரை இப்படி எழுதியிருந்தா ரெண்டு குண்டு சுடுறது ரெண்டாவது பட்டியலுக்குப் போயிருக்கும். வாய்க்கா எஸ்டிமேட்டுக்கு இதை எப்படிக் கொண்டு வர்றதுன்னு பெரியப்பா ஒரு நோட்டுல எழுதிகிட்டு இருக்காரு: முதல் பட்டியல்ல குழாய் வாய், மதகு, கடைமடை ஷட்டர், இதெல்லாம் தண்ணி போற அளவு தெறந்திருக்கணும், கை ஆள் கூலி தனி ஐட்டம், மீதி தூரத்துக்கு மண்ணு எவ்ளோ அள்ளினாங்குறது ரெண்டாவது, லெவலை தண்ணி வர்றதுக்கு முந்தி கடைமடைக்காரங்க ரெண்டு பேர் முன்னாடி எடுத்து எம்-புக்ல அவங்க கையெழுத்தும் வாங்கணும். எனக்கு தீசிஸ்ல ஒரு சாப்டர் இதுவாத்தான் இருக்கும்னு கைடுகிட்ட சொல்லியிருக்கேன், இதுல டேட்டா எங்கம்மான்னு கேட்டாரு, பழைய எம்-புக்குக்கு ஆர்டிஐ போட்டிருக்கேன் சார்னேன்.